கட்டளையின் பெயர் பொய் சொல்லலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரே கடிதத்தை 'கடிதம்1', 'கடிதம்2', 'கடிதம் கடைசி' என்று பல பெயர்களில் சேமித்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய வடிவம் என்றாவது தேவைப்படுமோ என்ற பயம்தான் காரணம். மென்பொருள் எழுதுபவர்களுக்கும் இதே பயம் உண்டு. அதற்காக அவர்கள் பயன்படுத்துவதுதான் 'கிட்'. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் இதை எழுதினார். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றை இது சேமித்து வைக்கும்.

பலர் ஒரே நேரத்தில் வேலை செய்தால்? ஆம்பூர் ஷூ கம்பெனிகளை நினைத்துக் கொள்ளுங்கள். அப்பர் ஒரு பிரிவில் தைக்கப்படும். சோல் தனியாகத் தயாராகும். பிறகு இரண்டும் ஒன்று சேரும். கிட்டிலும் தனித்தனிக் கிளைகளில் நடந்த வேலைகளை இப்படி இணைப்பதற்கு 'மெர்ஜ்' என்று பெயர்.

சில சமயம் இந்த வரலாற்றையே ஒழுங்குபடுத்தி மாற்றி எழுத வேண்டி வரும். அதற்கான கட்டளை 'ரீபேஸ்'. சாதாரணமாக இதைக் கொடுத்தால் இணைப்புகள் மறைந்து, எல்லா மாற்றங்களும் ஒரே வரிசையில் நின்றுவிடும். அப்பர் எது, சோல் எது என்ற விவரமே போய்விடும்! இதைத் தவிர்க்க 'ப்ரிசர்வ் மெர்ஜஸ்' என்றொரு வசதி இருந்தது. பெயரைப் படித்தால் இணைப்புகளைப் பத்திரமாகப் பாதுகாக்கும் என்றுதானே தோன்றும்? ஆனால் மாற்றங்களை முன்பின்னாக நகர்த்தினால் எதிர்பாராத விளைவுகள் வந்தன. கிட்டின் கையேடே இதைப் பற்றி எச்சரித்தது.

2018-ல் வந்த கிட் 2.18 இதற்குத் தீர்வு தந்தது. ஜோஹன்னஸ் ஷிண்டலின் உருவாக்கிய 'ரீபேஸ் மெர்ஜஸ்' வசதி, செய்யப் போகும் வேலையை ஒரு பட்டியலாக முன்கூட்டியே காட்டும். 'லேபிள்' என்றால் இந்த இடத்துக்குப் பெயர் வை. 'ரீசெட்' என்றால் பெயர் வைத்த இடத்துக்குப் போ. 'மெர்ஜ்' என்றால் இணை. பட்டியலைப் படித்து, திருத்தி, பிறகு இயக்கலாம். பழைய வசதி 2019-ல் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 2021-ல் வந்த கிட் 2.34-ல் நீக்கப்பட்டது. இது சரியான முறை.

ஆனாலும் குழப்பம் முழுவதும் தீரவில்லை. ரீபேஸ் நடக்கும்போது இரண்டு மாற்றங்கள் மோதினால், 'அவர்ஸ்' என்பது நம்முடைய வேலையைக் குறிக்காது. நாம் எதன் மீது வேலையைப் பொருத்துகிறோமோ அந்தக் கிளையைக் குறிக்கும். நம் வேலைக்குப் பெயர் 'தெய்ர்ஸ்', அதாவது அவர்களுடையது! பெயரை நம்பித் தேர்ந்தெடுத்தால் நம் உழைப்பை நாமே ஒதுக்கிவிடுவோம்.

"பழகினால் சரியாகிவிடும்" என்று அனுபவசாலிகள் சொல்லலாம். இதை நான் ஏற்கவில்லை. வேலூர், ஆம்பூர் பக்கத்தில் தமிழ் வழியில் படித்து மென்பொருள் துறைக்கு வரும் மாணவர், ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருளையே நம்புவார். சொல் ஒன்று, செயல் வேறு என்றால் முதலில் தடுமாறுவது அவர்தான். கட்டளையின் பெயர் செய்யப் போவதை அப்படியே சொல்ல வேண்டும். எதையாவது அழிக்கும் என்றால் முன்பே காட்ட வேண்டும்.

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கும் இது பொருந்தும். திரையில் வரும் கேள்வி புரியாவிட்டால் அவசரப்பட்டு 'ஓகே' கொடுக்காதீர்கள். 'கேன்சல்' கொடுத்து, கோப்பை ஒரு காப்பி எடுத்துவிட்டுப் பிறகு தொடருங்கள். புரியாதது உங்கள் குறை அல்ல. புரியும்படி எழுதாதவர்களின் குறை.