ராஜா படம்: அசலா, நகலா?

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் கெடார் பக்கத்து நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "தெரிந்தவர் வீட்டில் பழைய பிரெஞ்சு ராஜா படம் இருக்கிறதாம், எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. அசலாக இருந்தால் கோடிக்குப் போகுமாமே சார்?"

கேள்வியே கொஞ்சம் கோணல் என்பது என் கருத்து.

ராஜா படங்களிலேயே பெயர் பெற்றது, 1701-இல் ரிகோ வரைந்த 14-ஆம் லூயி படம். உயரம் சுமார் 9 அடி. ஸ்பெயினுக்கு அரசனாகப் போன பேரனுக்கு அனுப்பத்தான் வரையச் சொன்னார். முடிந்ததும் கொடுக்க மனம் வரவில்லை. தாமே வைத்துக்கொண்டு, நகல் எழுதச் சொன்னார். இன்று அசல் பாரீஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெர்சாய் அரண்மனையில் இருப்பது ரிகோவின் பட்டறையில் எழுதிய நகல். ராஜாவின் அரண்மனைக்கே நகல்தான்!

நான் குமாஸ்தாவாக இருந்தவன். அலுவலகச் சுவரில் தொங்கும் தலைவர் படத்தை, அச்சடித்த நகல்தானே என்று யாரும் இளக்காரமாகப் பார்த்ததில்லை. ராஜா படமும் அப்படித்தான். அவர் போக முடியாத இடத்தில் அவருக்குப் பதிலாக நின்ற சான்றொப்பமிட்ட நகல் அது. 1750 முதல் 1761 வரை நம் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அப்போது ராஜா 15-ஆம் லூயி. அவர் இந்த மண்ணை மிதித்ததே இல்லை. ஆனால் கொடி அவருடையது.

வெறும் அலங்காரத்துக்காகப் பின்னாளில் எழுதிய படங்களும் உண்டு. எதுவானாலும், விலையைக் கேட்கும் முன் இது யார் கொண்டுவந்தது, எந்த வீட்டில் இருந்தது என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே எழுதி வையுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் போட்டோ எடுங்கள். துணி, ஆணி, ஒட்டிய சீட்டு எல்லாம் சாட்சி. சோப்புத் தண்ணீர், உருளைக்கிழங்கு வைத்தியம் வேண்டாம். முகம் மங்கிவிட்டதென்று பெயிண்டரைக் கூப்பிடவே கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று: 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த ஓவியத்தைப் பதிவு செய்ய வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. புரோக்கர் பேச்சை நம்பி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நகல் என்று தெரிந்ததும் பரணில் போட்டுவிடாதீர்கள். கரையான் அசல், நகல் பார்ப்பதில்லை.