வெட்கம் யாருக்கு?

சென்ற வாரம் சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் அருகே நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தோம். பெண்கள் மீது நடக்கும் பாலியல் வன்முறையைக் கண்டித்து அன்று மாலை தெருமுனைக் கூட்டம். நோட்டீசைப் படித்த தோழர் ஒருவர் - உழைப்பாளிதான், நம்மோடு கொடி பிடித்தவர்தான் - என்னிடம் கேட்டார்: "எல்லாம் சரி தோழரே, அந்த நேரத்துல அந்தப் பொண்ணுக்கு அங்க என்ன வேலை?"

எதிரி கேட்டிருந்தால் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்திருப்பேன். கேட்டவர் நம்மவர். ஆகவேதான் எழுதுகிறேன்.

தோழர்களே, வாச்சாத்தியை மறந்துவிட்டோமா? தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் மலைவாழ் மக்கள் வாழும் சிற்றூர் அது. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறைக் கூட்டம் ஊருக்குள் புகுந்தது. மக்களை அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். அவர்களில் 13 வயதுச் சிறுமியும் ஒருத்தி. போதாதென்று, ஊர்ப் பெண்களையே குற்றவாளிகளாக்கிச் சேலம் சிறையில் அடைத்தார்கள்.

அந்தப் பெண்களுக்கு அங்கே என்ன வேலை? அது அவர்கள் ஊர், அவர்கள் வீடு!

அப்படியொன்றும் நடக்கவில்லை என்றது அன்றைய சர்க்கார். மலைவாழ் மக்கள் சங்கமும் தோழர் ஏ. நல்லசிவனும் விடவில்லை. 1995ல் உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் சி.பி.ஐ. விசாரணை வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29ல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 17 பேர் மீது பாலியல் வன்முறைக் குற்றம் நிரூபணமாயிற்று. 2023 செப்டம்பர் 29ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரச் சொன்னது.

31 ஆண்டுகள்! எத்தனை முறை அந்தக் கொடுமையை அந்நியர் முன்னால் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்கள்! அவர்கள் சாட்சிக் கூண்டில் நின்றதால்தான் அதிகாரிகள் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள்.

ஆலையில் ஒரு தொழிலாளியின் கை மிஷினில் சிக்கினால் என்ன செய்கிறோம்? "நீ ஏன் கையை வைத்தாய்?" என்று முதலாளி கேட்டால் கொதித்தெழுகிறோம் அல்லவா? அதே கேள்வியைப் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் நாம் கேட்கலாமா?

இந்தக் காயம் வெளியே தெரியாது. தூக்கம் போகும். காலடிச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்கும். வேலைக்குப் போகும் வழியே பகையாகும். கொடுமை நடக்கும்போது பயத்தில் குரல் எழும்பாமல் உடம்பு மரத்துப்போவதும் உண்டு; அது சம்மதமல்ல. எதிர்த்துப் போராடவில்லை என்பதாலேயே சம்மதம் ஆகிவிடாது என்று 2013 சட்டத் திருத்தமே சொல்கிறது. பல மாதம் கழித்துச் சொல்கிறாள் என்றால் பொய் சொல்கிறாள் என்று பொருளல்ல. சொல்லத் தைரியம் வர அத்தனை நாளாயிற்று என்று பொருள். கொடுமை செய்தவன் மேஸ்திரியாக, பண்ணையாராக, சொந்தக்காரனாக இருந்தால், சொன்னால் கூலி போகும், குடும்பம் உடையும் என்ற பயம் வேறு.

இதைக் "கற்பழிப்பு" என்று எழுதியே பழகிவிட்டோம். அழிந்தது அவளுடைய கற்பு என்றால், களங்கமும் அவளுக்கே என்றாகிவிடுகிறது. அந்தச் சொல்லை விட்டொழிப்போம். குற்றம் செய்தவனுக்குத்தான் களங்கம்.

நாம் செய்ய வேண்டியது என்ன? முதலில், அவள் சொல்வதை நம்பிக் கேட்பது. எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பதிவு செய்ய மறுக்கும் போலீஸ்காரர் தண்டனைக்குரியவர். தனியார் ஆஸ்பத்திரி உட்பட எந்த ஆஸ்பத்திரியும் உடனே இலவச சிகிச்சை தந்தாக வேண்டும். அவள் பெயரை வெளியிடுவது குற்றம். பெண்கள் உதவிக்கு 181 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. இவற்றைச் சங்கக் கூட்டங்களில் சொல்லுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

அன்று மாலைக் கூட்டத்துக்கு அந்தத் தோழர் வந்திருந்தார். வாச்சாத்தியைப் பற்றிப் பேசியபோது தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வீட்டுப் பெண்களையும் அழைத்து வரவேண்டும். அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.