லிஃப்ட் கரன்ட்டை மிச்சப்படுத்துதா? மீட்டரைக் காட்டுங்க!

ஐஜிபிசி, கிரிஹா, லீட் என ஏதாவது ஒரு ‘கிரீன் பில்டிங்’ சான்றிதழ் இருந்தால் ஃபிளாட் விலையும் சற்று ஏறும். அந்தச் சான்றிதழுக்கான ஆவணத்தில், லிஃப்ட் கம்பெனி கையேட்டில் உள்ள சேமிப்பு சதவீதத்தை அப்படியே ஒட்டினால் போதுமா? போதாது.

காலி லிஃப்ட் மேலே போகும்போது கனமான கவுன்ட்டர் வெயிட் கீழே இறங்கும். அப்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரம் தரும். இதைக் கட்டடத்துக்கே திருப்பிக் கொடுப்பதுதான் ‘ரீஜெனரேட்டிவ் டிரைவ்’. நாள் முழுக்க ஓடும் உயரமான ஆபீஸ் கட்டடத்தில் இது செம லாபம். 5 மாடி அபார்ட்மென்ட்டில்? லிஃப்ட் பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். லைட், ஃபேன், கன்ட்ரோலர் சேர்த்து 100 வாட் என்று வைத்துக்கொண்டால், 22 மணி நேரத்துக்கு 2.2 யூனிட்; வருஷத்துக்கு சுமார் 800 யூனிட். அங்கே தேவை, ஆளில்லாதபோது இவை தானாக அணையும் வசதி.

ஐஎஸ்ஓ 25745 தரநிலை இரண்டையும் அளக்கச் சொல்கிறது. காலி லிஃப்ட் ஒருமுறை மேலே போய்த் திரும்ப ஆகும் மின்சாரம் ஒன்று. நின்ற உடனே, 5 நிமிடம், 30 நிமிடம் கழித்து இழுக்கும் மின்சாரம் இன்னொன்று. பயன்பாட்டிலும் 6 பிரிவுகள்: தினமும் 50 டிரிப் முதல் 2,500 வரை. சிக்கலே இங்கேதான். 50 டிரிப் கட்டடத்துக்கு 300 என்று எழுதினால், பேப்பரில் சேமிப்பு வீங்கிவிடும்.

அதனால் லிஃப்டுக்குத் தனி சப்-மீட்டர் கட்டாயமாக வேண்டும். ஓராண்டு ரீடிங்கைக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுக்கவும் வேண்டும். பொது மீட்டர் பில்லைக் கட்டப்போவது பில்டர் இல்லையே!