வாயிற்கதவு திறக்கட்டும்!

ஏ-9 வீதி வழியே கிளிநொச்சி நகரைக் கடந்து தெற்கே செல்வோரின் கண்களுக்கு அறிவியல்நகர்க் கட்டடங்கள் தப்பாது புலப்படும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், விவசாய பீடமும், தொழில்நுட்ப பீடமும் அங்கே இயங்குகின்றன. ஜேர்மனிய உதவியுடன் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையமும் அங்கேயே அமைந்துள்ளது. வவுனியாவிலோ, 1997 முதல் வளாகமாக இருந்த கல்விக்கூடம் 2021 ஓகஸ்ட் 1ஆம் நாள் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்து பம்பைமடுவில் நிற்கின்றது. உயர்கல்வியைத் தேடி வன்னி மக்கள் நெடுந்தூரம் சென்ற காலம் போய், உயர்கல்வியே வன்னியைத் தேடி வந்துள்ளது. இதனை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

ஆனால், அக்கட்டடங்களின் வாயிலுக்கு வெளியே நிற்கும் வன்னிப் பிள்ளைக்கு அவற்றால் விளைந்த பயன் யாது? உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளுக்கே உரியது. 1சி வகைப் பாடசாலைகளில் கலையும் வர்த்தகமுமே உண்டு. பௌதிகவியல் கற்க விரும்பும் உட்கிராமத்துப் பிள்ளை முதலில் தன் ஊரை விட்டுப் புறப்பட வேண்டும். புறப்பட முடியாத பிள்ளை தன் விருப்பத்தையே விட்டுவிட வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைக்கும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுத்துள்ளார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் அப்பின்தங்கிய பட்டியலில் அடங்குவன. எனினும், விஞ்ஞான வகுப்பையே காணாத பிள்ளைக்குப் பொறியியற் பீடத்தில் ஒதுக்கிய இடம் என்ன செய்யும்?

பரீட்சைக்கும், பெறுபேற்றுக்கும், பல்கலைக்கழக அனுமதிக்கும் இடையே மாதங்கள் பல வீணே கழிகின்றன. 2008இலும் 2009இலும் மரநிழலிலும், பின்னர் செட்டிகுளத்து முகாம்களிலும் படித்த தலைமுறையின் தம்பி தங்கையரே இன்று அந்த மாதங்களில் கூலிவேலைக்குச் செல்கின்றனர். சென்றவர் எல்லோரும் புத்தகத்துக்குத் திரும்புவதில்லை.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. உயர்தர வகுப்பில் இருக்கும்போதே மாணவர் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் பயில்வதும், அங்கு கற்றது பின்னர் கணக்கில் எடுக்கப்படுவதும் பிறநாடுகளில் நடைமுறையாகிவிட்டன. 1974இல் நியூயோர்க் நகரின் லகார்டியா சமுதாயக் கல்லூரி தன் வளாகத்திலேயே ஓர் உயர்நிலைப் பாடசாலையைத் தொடங்கிற்று. அது கெட்டிக்காரருக்காகத் தொடங்கப்பட்டதன்று. படிப்பை இடையில் விட்டுவிடக்கூடிய பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது என்பதே நாம் கருத்திற்கொள்ள வேண்டியது. நம் நாட்டிலும் வித்து இடப்பட்டுள்ளது. 2017இல் 42 பாடசாலைகளில் ஆரம்பித்த 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் தொழிற்கல்வி வழியே நான்காம் மட்டத் தேசிய தொழிற்றகைமை பெற வழி திறந்தது. அவ்வழியை அறிவியல்நகர் வரையும் பம்பைமடு வரையும் நீட்ட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

தடை எங்கே இருக்கின்றது? சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்கும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி, தேசிய பாடசாலைகள் நீங்கலாகப் பாடசாலைகள் மாகாணத்தின் பொறுப்பு. பல்கலைக்கழகங்களோ 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மானியங்கள் ஆணைக்குழுவின் வசம் உள்ளன. தொழிற்கல்விக்கு 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமும் தனி ஆணைக்குழுவும் உண்டு. மூன்று கதவுகள், மூன்று திறவுகோல்கள், மூன்று பணப்பெட்டிகள்! ஒரு பிள்ளை ஒரு கதவிலிருந்து மறுகதவுக்குச் செல்லும் வழிச்செலவு எந்தப் பெட்டியிலும் எழுதப்படவில்லை. 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிவடைந்தபோது, இதனைக் கேட்கவேண்டிய அவையும் இல்லாது போயிற்று.

எனவே நாம் மூன்று விடயங்களை வலியுறுத்துகின்றோம். முதலாவது, வருடாந்த மதிப்பீட்டில் இதற்கெனத் தனிச் செலவினத் தலைப்பு வேண்டும். மாகாணத்துக்கான பங்கை நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கும்போது அதனையும் கருத வேண்டும். தொண்டு நிறுவனத்தின் இரு வருடக் கொடையை நம்பித் தொடங்கியது இரு வருடத்தில் முடியும். இரண்டாவது, சனிக்கிழமைகளிலும் விடுமுறைக் காலத்திலும் வன்னிப் பாடசாலைகளின் உயர்தர மாணவருக்கு ஆய்வுகூடங்கள் திறக்கப்பட வேண்டும். கற்பிக்கும் விரிவுரையாளருக்கு உரிய ஊதியமும், கற்ற மாணவருக்கு மதிப்புள்ள சான்றிதழும் வழங்கப்பட வேண்டும். மூன்றாவது, பேருந்துக் கட்டணமும், மதிய உணவும், தூரத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான விடுதியும் அரசின் செலவாக வேண்டும். இந்த மூன்றாவதை விடுத்தால் நகரத்துப் பிள்ளைகள் மட்டுமே வருவர். கொக்கிளாயும் துணுக்காயும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆரம்பப் பாடசாலைகளிலேயே ஆசிரியர் பற்றாக்குறை இருக்க, இது எதற்கு என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. ஆரம்ப வகுப்பின் பணத்தில் ஒரு சதமேனும் எடுக்கும்படி நாம் கேட்கவில்லை. பொதுப்பணத்தில் எழுந்த ஆய்வுகூடம் வாரஇறுதியில் பூட்டிக் கிடப்பதைத் திறக்குமாறே கேட்கின்றோம். கட்டடத்துக்குக் கோடிகள் கொடுத்த அரசு, பேருந்துக்குச் சில்லறை இல்லை என்று சொல்வது பொருந்துமா?

செலவு மிகுதி என்ற கூக்குரல் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோதும் எழுந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசம் என்பதே அதன் வாக்குறுதி. அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழியும் அவ்வாக்குறுதிக்குள் அடங்கும் அன்றோ? வன்னி மக்கள் சலுகை கேட்கவில்லை. தம் வாசலில் எழுந்த கல்விக்கூடத்தின் கதவு தம் பிள்ளைகளுக்கும் திறக்கவேண்டும் என்றே கேட்கின்றனர். அடுத்த வரவு செலவுத் திட்டம் அதற்கு விடையளிக்கட்டும்!