விடுதலைப் பத்திரம்

"முல்லாவை வாங்கட்டுமா, பீனா அகர்வாலையா?" என்று கேட்கிறாள் என் மாணவி.

முல்லாவின் இந்துச் சட்ட நூல் 1912இல் வந்தது; பதிப்புக்குப் பதிப்பு தடித்திருக்கிறது. மகளின் பங்கு எவ்வளவு என்பதற்கு அதில் விடை உண்டு. அது ஏன் அவள் கைக்கு வருவதில்லை என்பதற்கு இல்லை. சகோதரனின் ஆதரவு போய்விடுமே என்றஞ்சிப் பெண்கள் பங்கை விட்டுக்கொடுப்பதை, அகர்வாலின் 1994ஆம் ஆண்டு நூல் தெற்காசியா முழுவதும் காட்டுகிறது.

பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமென்று 1929இல் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது இதே செங்கல்பட்டில்தான். சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்குமுன் மணமான மகள்களை வெளியே நிறுத்தியது. 2005இல்தான் மத்தியச் சட்டம் அந்த வேலியைப் பிடுங்கியது.

மாமல்லபுரம் கடலோரத்தில் நிலத்துக்கு விலை ஏறியதும் அண்ணன் காகிதம் நீட்டினார். "பங்கு வேணுமா, பொறந்த வீடு வேணுமா?" என்றார் அம்மா. சட்டம் தெரிந்தே கையெழுத்திட்டேன். அந்தக் காகிதத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். யாருக்கு விடுதலை?

முல்லாவை நூலகத்தில் பார்த்துக்கொள், பெண்ணே. அகர்வாலை விலை கொடுத்து வாங்கு. உன்னிடம் கையெழுத்துக் கேட்கும் நாளுக்கு முன்பே படித்துவிடு.