செய்வதா, வாங்குவதா?

பண்டத்தரிப்பில் தோட்டஞ் செய்யும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்தார். ஒழுங்கைப் பள்ளங்களில் அவரது பிக்கப்பின் பின்புறம் நிலத்தில் தட்டுகிறதாம். இரண்டு அங்குலம் உயர்த்தவேண்டும். அதற்கான பாகங்களைக் கம்மாலையிற் செய்விப்பதா, கடையில் வாங்குவதா என்று கேட்டார்.

செய்வித்துக்கொள்வது குடாநாட்டாருக்குப் புதிதன்று. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை முடுக்கி, பின் மண்ணெண்ணெயிலே பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை ஓட்டியவர்களல்லவா நாம்! அக்கைத்திறனை நாம் ஒருபோதும் குறைத்துப் பேசோம்.

அச்சுக்கும் தகட்டுவில்லுக்கும் இடையில் வைக்கும் இரும்புக் கட்டையை அளவறிந்த தொழிலாளி நன்றாகவே செய்துதருவார். நடுமுளை மட்டும் பிசகாதிருத்தல் வேண்டும். வில்லின் கதை வேறு. அதன் எஃகு ஏறத்தாழ 850 பாகை செல்சியசிற் காய்ச்சப்பட்டு, எண்ணெயில் தோய்க்கப்பட்டு, மறுபடியும் மிதமான சூட்டிற் பதமாக்கப்படுவது. ஒட்டுவேலையின் வெப்பம் அப்பதத்தைக் கெடுத்துவிடும். இதனை நாம் பட்டறிந்தோம். ஒட்டிய வில்லோடு சங்கானைச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிச் சென்ற நாளில், ஒட்டின் அருகிலேயே அது முறிந்து அச்சு ஒருபுறம் விலகிற்று. மூட்டைகளின் மேல் இரு பிள்ளைகள் இருந்தனர். மெதுவாகச் சென்றபடியால் தப்பினர்.

வில்லையும் அச்சையும் இறுகப் பிடிக்கும் வளைந்த போல்ட்டுகளும் அவ்வாறே. கட்டை வைத்தால் பழையவற்றின் நீளம் போதாது. புதியவற்றை வாங்கத்தான் வேண்டும்.

கட்டையைச் செய்விக்கவும் போல்ட்டுகளை வாங்கவும் நண்பர் இசைந்தார். பின்சக்கரப் பிறேக் குழாய் அவ்வுயரத்துக்கு எட்டுமா என்று கேட்டோம். அதை அவர் பார்த்திருக்கவில்லை. நாளைக் காலை இருவருமாக வண்டியின் கீழே படுத்துப் பார்க்கவிருக்கிறோம்.