காதுப் பரிசோதனைக்கு ஒரு டப்பா விளையாட்டு

"கதவைப் படார்னு சாத்தினா திடுக்கிடறான். பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்ப மாட்டேங்கிறான். இவனுக்கா காது கேட்காது?" என்று கேட்கும் தாய்மார்கள் அநேகம். கேட்காமலும் இருக்கலாம். கனத்த ஓசை காதில் விழும்; 'ச', 'ஸ' போன்ற கூரிய, மெல்லிய ஓசைகள் மட்டும் விழாத குழந்தைகள் உண்டு. அதனால் பேச்சு தாமதமானாலும் சரி, ஆட்டிஸமோ டவுன் சிண்ட்ரோமோ என்ற சந்தேகமானாலும் சரி, முதலில் காதைச் சோதித்துவிட வேண்டும்.

சிக்கலே அங்கேதான். சொன்னது புரியாத குழந்தையிடம் "சத்தம் கேட்டா கையைத் தூக்கு" என்றால் என்ன செய்யும்? ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறியும், அழும். 'ஒத்துழைக்கவில்லை' என்று சீட்டில் எழுதி, ஆறு மாதம் கழித்து வரச் சொல்வார்கள். அந்த வார்த்தை குழந்தையின் காதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்பதை மறக்காதீர்கள். பேச்சு வளரும் வயதில் ஆறு மாதம் கொஞ்சமா?

இதற்கு வழி நெடுநாளாகவே உண்டு. 1947-ல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர், நம் திருவிழா பயாஸ்கோப் மாதிரி ஒரு பெட்டி வைத்துச் சோதித்தார்கள். ஓசை கேட்கும்போது பொத்தானை அழுத்தினால் உள்ளே படம் தெரியும். சும்மா அழுத்தினால் தெரியாது. இன்று சுமார் இரண்டரை வயதுக்கு மேல், ஓசை கேட்டதும் ஒரு கட்டையை டப்பாவில் போடச் சொல்கிறார்கள். அதைவிடச் சின்னக் குழந்தை ஓசை வந்த பக்கம் திரும்பினால், விளக்கெரியும் பொம்மை ஒன்று ஆடிக் காட்டும். நாலு வயதானாலும் மன வளர்ச்சி குறைவாக இருந்தால் இந்த இரண்டாவது முறையே பொருந்தும். கூசாமல் கேளுங்கள்.

டப்பா விளையாட்டை வீட்டிலேயே பழக்கலாம். ஒரு காலி டப்பா, துணி க்ளிப்புகள், ஓர் எவர்சில்வர் தட்டு, கரண்டி போதும். (புளியங்கொட்டை, பட்டாணி வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.) குழந்தையின் கையில் க்ளிப்பைக் கொடுத்து, அந்தக் கையைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டு காத்திருங்கள். வேறொருவர் தட்டைத் தட்டியதும், அந்தக் கையாலேயே டப்பாவில் போட வைத்து, "பலே!" என்று கைதட்டுங்கள். நாலைந்து நாளில் உங்கள் பிடியைத் தளர்த்தலாம். போடுவது சுலபம், சத்தம் வரும்வரை *காத்திருப்பதுதான்* கஷ்டம். அவசரப்பட்டுப் போட்டால் அதட்டாதீர்கள், கையை மெல்லப் பிடித்துக்கொள்ளுங்கள். பழகியபின் குழந்தையின் முதுகுப் பக்கமிருந்து, மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் போதும். இது பழக்கம்தான், பரிசோதனை ஆகாது. 'வீட்டில் நன்றாகக் கேட்கிறது' என்று நிறுத்திவிடக் கூடாது.

ஹெட்ஃபோனையும் பழக்க வேண்டும். முதலில் பொம்மைக்கு, பிறகு உங்களுக்கு, அப்புறம் குழந்தைக்கு. பாட்டு எதுவும் வைக்காமல், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி எடுத்துவிடுங்கள். மறுநாள் பத்து வரை எண்ணலாம்.

பரிசோதனைக்குத் தூங்கி எழுந்து, சாப்பிட்ட வேளையில் போங்கள். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தைக்குக் கார் பிடிக்குமா, இருட்டு பயமா என்பதையும் பரிசோதிப்பவரிடம் சொல்லுங்கள். கட்டைக்குப் பதில் கார் வைப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்? அறைக்குள் நீங்கள் தலையாட்டவோ, தொடையில் தட்டவோ கூடாது. அம்மாவின் முகத்தைப் பார்த்தே க்ளிப்பைப் போடும் கெட்டிக்காரக் குழந்தைகள் இருக்கின்றன! அரைவாசியில் களைத்துவிட்டால் மீதிக்கு இன்னொரு நாள் கேளுங்கள்.

விளையாட்டிலும் பிடி கிடைக்கவில்லையா? தூங்கும்போதே எடுக்கும் 'பெரா' பரிசோதனை இருக்கிறது. ஓசைக்குச் செவி நரம்பு எப்படி மறுமொழி தருகிறது என்பதை அது காட்டும். கேட்ட ஓசையைக் குழந்தை கவனிக்கிறதா என்பதை அது காட்டாது. ஆகவே 'பெரா' முடிந்தாலும் டப்பாவையும் க்ளிப்பையும் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். அடுத்த தடவைக்கு வேண்டியிருக்கும்.